தடமில்லாத மலையில் பத்துப் பேர்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் 1983-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அமெரிக்காவிலிருந்து வருகிறாய், எதைப் பற்றியாவது இருபது நிமிஷம் பேசு, ஆனால் வேலையைப் பற்றிப் பேசாதே" என்றார். நாற்பது வருஷம் கான்கிரீட்டோடு காலம் தள்ளியவனிடம் வேலையைப் பற்றிப் பேசாதே என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமைகள் இருக்கின்றன. நான் நியூஜெர்ஸியில் குடியேறிய பிறகு பல சனிக்கிழமைகளை மலை ஏறுவதில் கழித்திருக்கிறேன். அதிலும் பாதையே இல்லாத மலைகளில். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் கேட்ஸ்கில் மலைத்தொடர் இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் நம் தொட்டபெட்டாவுக்குப் பாதிகூட வராது. எல்லாவற்றிலும் உயரமான ஸ்லைடு மலையே 4,180 அடிதான். ஆனால் அங்கே 1962-ல் தொடங்கிய கேட்ஸ்கில் 3500 கிளப் என்று ஒரு சங்கம் உண்டு. 3,500 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் எல்லாவற்றையும் ஏற வேண்டும். அவற்றில் நாலு சிகரங்களைக் குளிர்காலத்தில் மறுபடியும் ஏற வேண்டும். அப்போதுதான் உறுப்பினர் ஆகலாம். நான் ஏறிய காலத்தில் பட்டியலில் 35 சிகரங்கள் இருந்தன. பிறகு தனியார் நிலத்திலிருந்த இரண்டை உரிமையாளர்கள் மூடிவிட்டதால் இப்போது 33.

இந்தச் சிகரங்களில் பலவற்றுக்கு அடையாளமிட்ட பாதை உண்டு. மரத்துக்கு மரம் வண்ணத் தகடு அடித்திருப்பார்கள், பார்த்துக்கொண்டே போகலாம். மீதி சிகரங்களுக்கு அதிகாரபூர்வமான பாதை எதுவும் கிடையாது. வரைபடம், காம்பஸ், பக்கத்தில் வரும் ஆட்கள், அவ்வளவுதான் துணை. புதரை விலக்கிக்கொண்டு போக வேண்டியதால் இதை அவர்கள் புஷ்வேக்கிங் என்கிறார்கள். நம்ம ஊரில் ஆடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் காலம் காலமாகச் செய்வதுதான். அமெரிக்காவில் அதற்கு ஒரு பேரும், ஒரு சங்கமும், நூற்றைம்பது டாலருக்கு ஒரு ஜோடி பூட்ஸும் வேண்டியிருக்கிறது.

ஏன் பாதை போடவில்லை, காசு இல்லையா என்று கேட்பீர்கள். அது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். 1885-ல் நியூயார்க் மாநிலம் இந்தக் காடுகளைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. 1894-ல் அதை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். அரசுக்குச் சொந்தமான இந்தக் காட்டு நிலம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும், விற்கவும் கூடாது, மரம் வெட்டவும் கூடாது. இதனால் நகரத்துக்குக் கிடைத்த லாபம் தண்ணீர். நான் சொல்லப்போகும் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் எல்லாம் அஷோகன் நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. 1915 முதல் அந்தத் தண்ணீர் நியூயார்க் நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்ஸ்கில் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை இன்றும் வடிகட்டாமலே, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கிறார்கள். சிவில்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். வடிகட்டும் நிலையத்தின் வேலையைக் காடு செய்கிறது.

சரி, காம்பஸுக்கு வருவோம். நம் சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கிறதா? பிரிஸ்மாட்டிக் காம்பஸைத் தூக்கிக்கொண்டு கரட்டுமேட்டில் அலைந்தோமே! லோக்கல் அட்ராக்‌ஷன் என்று பாடம் வந்த அன்று வகுப்பு முழுக்கச் சிரித்ததில் பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, அன்று சிரித்தோம். ஆனால் இரும்புக் கைத்தடியைக் காம்பஸ் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்பதை நீங்கள் சொல்லித்தான் இன்றுவரை மறக்கவில்லை.

நம் ஊரில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான். அதனால் சர்வே கேம்ப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்ஸ்கில்லில் அது சுமார் 13 டிகிரி மேற்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 டிகிரியைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 230 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். அடர்ந்த காட்டில் 230 மீட்டர் என்பது வேறு ஊர் மாதிரி.

இன்னொன்று, காண்டூர். அங்கே பயன்படுத்தும் 1:24,000 வரைபடத்தில் பெரும்பாலும் 20 அடிக்கு ஒரு காண்டூர் கோடு. கேட்ஸ்கில் மலைகள் படிப்படியாக அடுக்கிவைத்த மணற்பாறைகளால் ஆனவை. படியென்றால் வீட்டுப் படியில்லை, பத்தடி, பதினைந்தடி செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்கள். பதினைந்தடிச் சுவர் இரண்டு காண்டூர் கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். வரைபடத்தில் சாதாரணச் சரிவு போலத் தெரியும், நேரில் போனால் சுவர் முட்டும். ஜிபிஎஸ் கையில் இருந்தாலும் இதே கதைதான். நீ எங்கே நிற்கிறாய் என்று அது சொல்லும், எங்கே கால் வைக்கலாம் என்று சொல்லாது.

இனி அந்த நாள் கதை. 2014 அக்டோபர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை. போன மலையின் பெயர் ஃப்ரைடே, அதாவது வெள்ளிக்கிழமை மலை. சனிக்கிழமை வெள்ளிக்கிழமைக்குப் போனோம் என்று காரில் ஒரே சிரிப்பு. உயரம் ஏறக்குறைய 3,700 அடி. ஏற வேண்டியது 2,000 அடிக்கு மேல். நேர்கோட்டில் பார்த்தால் உச்சிக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்லை. தார் ரோட்டில் என்றால் ஒரு மணி நேரம். அந்தக் காட்டில் நாலரை, ஐந்து மணி நேரம்.

நாங்கள் பத்துப் பேர். குழுத் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ், வயது 61, ஒல்லியான உருவம், உரக்கப் பேசமாட்டார். வாலில் வருபவர் ஒரு பள்ளி ஆசிரியர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்ப்பதே அவர் வேலை. 66 வயது பிளம்பர் ஒருவர். அவருக்குப் பட்டியலில் 34 முடிந்துவிட்டது, இது கடைசி. உச்சியில் கொண்டாடுவதற்காக அவர் மனைவி ஆப்பிள் கேக் செய்து தகர டப்பாவில் கொடுத்தனுப்பியிருந்தார். புதிதாக வந்தவர் ஒரு கம்ப்யூட்டர் இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கும், எங்கள் எல்லாரையும்விடக் காலில் வேகம். நான் வரிசையில் மூன்றாவது.

கிளம்புமுன் தலைவி ஒவ்வொருவர் சட்டையையும் தொட்டுப் பார்த்தார். காட்டன் போட்டவர் காருக்குப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். கோ-ஆப்டெக்ஸ்காரர்கள் மன்னிக்கவும். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காய்வதற்கும் நேரமாகும். கம்பளியோ சிந்தெடிக்கோ அப்படியில்லை. பிறகு நாலு விதிகள் சொன்னார். முன்னால் போகிறவரைவிடப் பின்னால் வருகிறவர்தான் உங்கள் பொறுப்பு, திரும்பிப் பாருங்கள். ஆளைக் காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை விசில் ஊதுங்கள். எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்புகிறோம். மரத்தில் ரிப்பன் கட்டுவதோ, பட்டையைச் செதுக்குவதோ கூடாது.

இந்தக் கடைசி விதியைப் புதியவர்கள் எப்போதும் கேள்வி கேட்பார்கள். அடையாளம் வைத்தால் பின்னால் வருபவருக்கு உதவிதானே? ஆனால் ரிப்பனைப் பார்த்து நூறு பேர் அதே வழியில் நடந்தால் பாசி போய்விடும், மண் அரிக்கும், மழைக்கு அதுவே ஓடையாகும். அதைவிட, ரிப்பன் கட்டியவர் சரியான வழியில்தான் போனார் என்பதற்கு யார் சாட்சி?

முதல் இரண்டு மணி நேரம் ஓடையோரம், பீச், மேப்பிள் மரங்களுக்கு நடுவே சுலபமான நடை. கோடையில் வந்தால் நம் செந்தட்டி மாதிரி சுணைச் செடி இடுப்புவரை இருக்கும், அக்டோபரில் இல்லை. மேலே போகப் போக ஹாபிள்புஷ் என்ற புதர். அதன் கிளை வளைந்து தரையைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு வளையமாக நிற்கும். நடந்து வருபவன் காலை யாரோ கயிறு கட்டித் தடுப்பது போலத் தட்டிவிடும். 3,000 அடிக்கு மேல் இலையுதிர் மரங்கள் குறைந்து ஸ்ப்ரூஸ், ஃபர் என்ற ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளித்தான் போக வேண்டும். நாலடி முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. அன்று தூறல் வேறு, மேலே மேகம் இறங்கிவிட்டது. குளிர் ஐந்து டிகிரி இருக்கும்.

ஒரு மணிக்குப் பாறைச் சுவர் வந்தது. ஏறுவதற்கு இடுக்கு தேடி எல்லாரும் இடமும் வலமுமாகப் பரவினார்கள். ஆசிரியர் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தார். ஒவ்வொருவராக ஏறினோம். மேலே தலைவி எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். கம்ப்யூட்டர் இளைஞரைக் காணோம்.

கூப்பிட்டோம். பதில் இல்லை. ஈரமான ஃபர் காட்டில் சத்தம் பஞ்சில் குத்திய மாதிரி. இரண்டு பேர் உடனே தேட ஓடக் கிளம்பினார்கள். அப்போது தலைவி சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "யாரும் நகர வேண்டாம். எல்லாரும் உட்காருங்க. கனமான சட்டையை எடுத்துப் போட்டுக்குங்க. எதையாவது சாப்பிடுங்க."

ஒரு ஆளைக் காணவில்லை, இந்த அம்மா சாப்பிடச் சொல்கிறார்களே என்று எனக்குப் பதைப்பாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. ஏறி வியர்த்த உடம்பு நின்றவுடன் குளிர்ந்துவிடும். நடுங்குகிற ஒன்பது பேரால் ஒருவரைத் தேட முடியாது. பதற்றத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் ஐந்து நிமிஷத்தில் மூன்று பேரைக் காணோம் என்ற நிலை வந்திருக்கும்.

வரைபடத்தில் நாங்கள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். ஆசிரியரை அந்த இடுக்கிலேயே நிறுத்தினார். அவர் நங்கூரம், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஒற்றை விசில் ஊத வேண்டும், நகரவே கூடாது. மற்றவர்கள் சுவரின் அடிவாரத்தில் வலப்பக்கமாக ஒரு சங்கிலி. முதல் ஆள் பத்தடி போவார், அவர் கண்ணில் படும் தூரத்தில் இரண்டாவது ஆள், அவர் கண்ணில் படும் தூரத்தில் மூன்றாவது ஆள். யாரும் அடுத்தவரைப் பார்வையிலிருந்து விடக் கூடாது. சர்வே கேம்ப்பில் ரேஞ்சிங் ராடு நட்டு நேர்கோடு பிடிப்போமே, அதேதான். அங்கே ராடுக்குப் பதில் நாங்கள் நின்றோம்.

சங்கிலி முழுக்க நீண்டு, தலைமாட்டில் இருந்தவர் கையை உயர்த்தினார். மெல்லிய விசில், மூன்று முறை. பையன் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தான். இடுக்கு தேடிப் போனவன் ஈரப் பாறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருக்கிறான். விடாமல் ஊதியிருக்கிறான், பாறை சத்தத்தை மறைத்துவிட்டது. ஆனால் காலையில் சொன்ன விதிப்படி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நொண்டிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்திருந்தால் அன்று ராத்திரி வரை தேடியிருப்போம். எங்களிடமிருந்து அவன் இருந்த தூரம் மொத்தம் எழுபது மீட்டர். நம் ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்குப் போகிற தூரம்கூட இல்லை. கண்டுபிடிக்க நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

கட்டுப்போட்டு முடித்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. உச்சி எங்கள் தலைக்கு மேல் சுமார் 150 அடி. இருபது நிமிஷ வேலை. எல்லாரும் பிளம்பரைப் பார்த்தோம். ஒருவர், "நாலு பேர் மட்டும் அவரைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் வருகிறோம், மற்றவர்கள் மெல்ல இறங்குங்கள்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

தலைவி கணக்குச் சொன்னார். சூரியன் ஆறேகாலுக்குள் மறைந்துவிடும். ஏற நாலரை மணி நேரம் ஆயிற்று. சுளுக்கிய காலோடு இறங்கவும் அவ்வளவு ஆகும். குழுவில் காம்பஸ் பிடிக்கத் தெரிந்தவர் மூன்று பேர்தான். பிரிந்தால் ஏதாவது ஒரு குழுவில் ஒரே ஒருவர் இருப்பார். அவர் வழுக்கினால்? "பத்துப் பேராக வந்தோம், பத்துப் பேராக இறங்குவோம்" என்று முடித்தார்.

பிளம்பர் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிஷம் மேலே மேகத்தைப் பார்த்தார். பிறகு பையனின் முதுகுப்பையை வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே திரும்பினார். கேக்கை இங்கேயே வெட்டலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, அது உச்சிக்கு உரியது என்று சொல்லி டப்பாவைத் திறக்க மறுத்துவிட்டார்.

காருக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. கடைசி அரைமணி நேரம் நெற்றி விளக்கில் நடந்தோம். அது ஓடையோரச் சமவெளி, ஆபத்தில்லை. உச்சிக்குப் போய்விட்டு வந்திருந்தால் கீழே உள்ள பாறைச் சுவர்களை இருட்டில், தூறலில், ஒரு நொண்டியுடன் இறங்கியிருப்போம். எப்படியோ வந்தும் சேர்ந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, நவம்பர் நடுவில் துப்பாக்கி வேட்டைக் காலம் தொடங்குமுன், மறுபடி போனோம். எட்டுப் பேர்தான் வர முடிந்தது. பொழுது குறைவு என்பதால் இருட்டோடு கிளம்பினோம். பையன் கால் தேறி வந்திருந்தான், இந்த முறை ஐந்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பதினொன்றரைக்கு உச்சி. அங்கே காட்சி என்று ஒன்றும் கிடையாது. நாலு பக்கமும் ஃபர் மரம். ஒரு மரத்தில் தபால் பெட்டி மாதிரி உருளை ஒன்று மாட்டியிருந்தது, உள்ளே ஒரு நோட்டு, பென்சில். பிளம்பர் பெயர் எழுதினார். கை விறைத்திருந்ததால் எழுத்து எங்கள் முதல் செமஸ்டர் டிராயிங் ஷீட் மாதிரி இருந்தது. புதுக் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். எட்டாக வெட்டச் சொன்னோம். அவர் பத்தாக வெட்டி, வராத இருவர் பங்கைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

இப்போது அந்த மலையில் பலர் நடந்து நடந்து ஒற்றையடித் தடமே விழுந்துவிட்டது. கைபேசியில் வழி காட்டுகிறது. ஆனாலும் மேகமும் பாறையும் பழையபடிதான் இருக்கின்றன.

இங்கே உள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாநிலத்தில் மலையேற்றம் என்றால் 2018 மார்ச் மாதம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. நம் காடு வேறு. யானை உண்டு, கோடையில் புல் பற்றிக்கொள்ளும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றமும்கூட. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்ற வழிகளை வழிகாட்டிகளோடு திறந்துவைத்தது. அவற்றில் போய் வாருங்கள். என் கதையைக் கேட்டு யாரும் பாதையை விட்டு இறங்கிவிட வேண்டாம். ஆனால் எங்கே போனாலும் இரண்டு விஷயத்தைக் கூட எடுத்துப் போங்கள்: திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன்பே முடிவுசெய்யுங்கள், குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் இல்லாத இடத்தில் பக்கத்தில் வருபவர்தான் தடம்.

கடைசியாக என் வகுப்பு நண்பர்களுக்கு. சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைப் புரட்டினேன். நம் பேட்ச்சில் பல பெயர்களுக்கு எதிரே காலியாக இருக்கிறது. சிலர் ஊர் மாறியிருக்கலாம். சிலர் தொழிலில் அடிவாங்கி, உடம்பு சரியில்லாமல், நம் முன்னால் வந்து நிற்கக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர்களும் அங்கே விசில் ஊதிக்கொண்டிருக்கலாம், நமக்குத்தான் பாறை மறைக்கிறது. எல்லாரையும் செயலாளர் ஒருவரே தேட முடியாது. அந்தச் சங்கிலி முறையைச் செய்து பார்ப்போம். உங்கள் ரூம்மேட் யார், அவருக்கு யார் தெரியும், அவருக்கு யார் தெரியும்? ஆளுக்கு ஒரு பெயர். அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் ஒரு பெயருக்கு எதிரே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.